அரக்கன் கேட்டால் இடது பக்கம்

மோஹ்ஷரிஃப் சங்கினோவா (1941–2009). தஜிகிஸ்தானின் தெற்குப் பள்ளத்தாக்கில், பருத்தி ஆலையைச் சுற்றி வளர்ந்த எங்கள் ஊரின் சிறுவர் அரங்கில் பணிபுரிந்த பெண்மணி. முதல் நான்கு ஆண்டுகள் நடனம் ஆடினார். அதன் பிறகு, போரினால் அரங்கு மூடிக்கிடந்த காலம் நீங்கலாக, பள்ளிப் பிள்ளைகளை நாடகத்துக்கு அழைத்து வருவதே அவருடைய வேலை. நான் ஆறாம் எண் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியன்; பருவத்துக்கு ஒருமுறை என் வகுப்பை அவரிடம் ஒப்படைத்து, பின்வரிசையில் உட்கார்ந்தவன். கண்ணால் கண்டதைக் கண்டதாகவும், பிறர் சொல்லிக் கேட்டதைக் கேட்டதாகவும் பிரித்தே இங்கு எழுதுகிறேன்.

அவருடைய வலது கை பயனற்றுப் போனது 1966ஆம் ஆண்டின் வசந்த விழாவில். வாள் நடனம். எதிரே ஆடியவர் தோஜிதீன். முனை மழுக்கிய மேடை வாள்கள் முந்தைய நாள் வேறோர் ஊருக்குப் போன லாரியிலேயே தங்கிவிட்டன. நிகழ்ச்சியை நிறுத்த யாருக்கும் மனமில்லை. யாரோ ஒருவர் வீட்டுச் சுவரில் தொங்கிய பழைய வாள்கள் இரண்டை இரவல் வாங்கினார்கள். சுழலும்போது அவர் அரைத் தாளம் முந்தினார் என்று தோஜிதீனும், தோஜிதீன் அரைத் தாளம் பிந்தினார் என்று அவரும் கடைசிவரை சாதித்தார்கள். வாள் வலது உள்ளங்கையின் குறுக்கே இறங்கி மூன்று விரல்களின் நரம்பை அறுத்தது. சுழற்சி நிற்காததால் இரத்தம் வட்டமாகத் தெறித்து முன்வரிசைப் பிள்ளைகளின் முகத்தில் விழுந்தது. அதைச் சிவப்புப் பட்டு நாடா என்று நினைத்து இருநூறு பிள்ளைகளும் கைதட்டினார்கள்.

காயம் ஆறியபின் அந்த விரல்கள் கோழிக்கால்போல் மடங்கியே நின்றன. எங்கள் நடனத்தில் கால் பாதி பேசும். கை முழுதும் பேசும். கை போனால் நடனம் போயிற்று. தோஜிதீன் தினமும் சுடச்சுட ரொட்டி வாங்கி அவர் வீட்டுக்குக் கொண்டுபோனார். நாற்பதாம் நாள் வாசலிலேயே நிறுத்தி அவர் சொன்னாராம்:

"போதும் தோஜி அண்ணே. ரொட்டிய வச்சு ஒட்டினா விரல் ஒட்டாது. உங்க பொண்டாட்டி கோவத்துல என் இன்னொரு கைய வெட்டப் போறா."

அரங்கு நிர்வாகம் அவரைப் பள்ளிப் பிள்ளைகளின் பொறுப்பாளராக்கியது. ஆசிரியரை முஅல்லிம் என்றும் ஆசிரியையை முஅல்லிமா என்றும் அழைக்கும் எங்கள் ஊரில், அவரும் பிள்ளைகளுக்கு முஅல்லிமா ஆனார். நாடகத்துக்கு இரண்டு நாள் முன்பே வகுப்பறைக்கு வந்துவிடுவார். திரை எதற்கு, விளக்கு ஏன் அணைகிறது, எப்போது கைதட்டலாம், சூரியகாந்தி விதையை ஏன் அரங்கில் கொறிக்கக் கூடாது என்று கால் மணி நேரம் பேசுவார். நடன நிகழ்ச்சியானால் இடது கையால் ஆடிக் காட்டுவார். மணிக்கட்டு இப்படி மடங்கினால் மலைநாடு, இப்படி மிதந்தால் ஆற்றோரம், விரல் இப்படித் துடித்தால் நம் பள்ளத்தாக்கு. என் மாணவர்கள் வரைபடத்தில் கற்காத நாட்டை அவருடைய ஐந்து விரல்களில் கற்றார்கள்.

தோஜிதீனுக்கு இதற்குள் உடல் பெருத்துவிட்டது. 'நீலக் கிணறு' என்ற நாடகத்தில் கறுப்பு அரக்கன் வேடம் அவருக்கு நிலைத்தது. பிள்ளைகள் அந்த அரக்கனை உண்மையாகவே வெறுத்தார்கள். சந்தையில் அவரைக் கண்டால் கல்லெறிந்தார்கள். 1973ஆம் ஆண்டு இலையுதிர்கால விடுமுறையில், அரக்கன் இளவரசனின் கழுத்தைப் பிடித்த நேரத்தில், அஸ்ரோர் என்ற ஒன்பது வயதுச் சிறுவன் சட்டைக்குள் மறைத்து வந்த கவணை எடுத்து இரும்புத் திருகொன்றை விட்டான். தோஜிதீனின் புருவம் பிளந்தது. இரத்தத்தைக் கண்டதும் பன்னிரண்டு பிள்ளைகள் மேடையேறினார்கள். கீழே விழுந்தவரை உதைத்தார்கள். ஒரு சிறுமி கெண்டைக்காலைக் கடித்துச் சதையைப் பெயர்த்தாள். ஆசிரியர்கள் ஆளுக்கொருவராகப் பிய்த்து எடுக்க வேண்டியிருந்தது.

மோஹ்ஷரிஃப் அஸ்ரோரின் காதைப் பிடித்து இழுத்துவந்தார்.

"ஏண்டா அடிச்சே?"

"அவன் கெட்டவன்."

"அது தோஜி மாமாடா. உங்க தெருவுலதான் இருக்காரு."

"இல்ல முஅல்லிமா. அது அரக்கன்."

ஏழு தையல் போட்டுக்கொண்டு படுத்திருந்த தோஜிதீன், "விடும்மா. இதவிடப் பெரிய பாராட்டு எனக்கு எவன் குடுப்பான்" என்றார்.

மோஹ்ஷரிஃப் ஒரு வாரம் யோசித்தார். பிள்ளைகளின் கோபத்தை அடக்கினால் அது கவணாக வரும். அதற்கு ஒரு வேலை கொடுத்துவிட வேண்டும் என்பது அவர் கண்ட முடிவு. நாடகத்தில் ஒரு காட்சியைச் சேர்க்கச் செய்தார். இளவரசன் மேடையின் வலது பக்கமுள்ள நீலக் கிணற்றில் ஒளிந்துகொள்வான். அரக்கன் வந்து பிள்ளைகளைப் பார்த்து, "எங்கே போனான்?" என்று உறுமுவான். பிள்ளைகள் அனைவரும் இடது பக்கம் கை நீட்டி, "அந்தப் பக்கம்" என்று பொய் சொல்ல வேண்டும். அரக்கன் ஏமாந்து இடது பக்கம் ஓடுவான்; இளவரசன் தப்பிப்பான். இடது பக்கம் என்று ஆனதற்குக் காரணம் எளியது. முன்வரிசையின் ஓரத்தில் மேடையை நோக்கி நின்று மோஹ்ஷரிஃப் சைகை தருவார். அவரால் நீட்ட முடிந்தது இடது கை ஒன்றுதான்.

அடுத்த வாரமே அஸ்ரோரை மீண்டும் வரவழைத்து முன்வரிசையில் உட்கார வைத்தார். அன்று எல்லோரையும்விட உரக்கக் கத்தியவன் அவன்தான். அதன் பிறகு மேடைமீது ஒரு கல்லும் விழவில்லை. பத்தொன்பது ஆண்டுகள் எங்கள் ஊரில் வளர்ந்த பிள்ளைகள் அனைவரும் அந்த அரக்கனிடம் அதே பொய்யை, அதே திசையில் சொல்லியே வளர்ந்தார்கள்.

1992ஆம் ஆண்டுக் கோடையில் சண்டை எங்கள் பள்ளத்தாக்குக்கு வந்தது. கட்சிக்கொரு பெயர் இருந்தாலும், சோதனைச் சாவடியில் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றே: உன் அப்பன் எங்கே பிறந்தான்? பேருந்திலிருந்து இறக்கப்பட்டவர்கள் பாசனக் கால்வாயில் மிதந்தார்கள். மதகில் சிக்கிய உடல்களைத் தண்ணீர் விடுவதற்காகக் கழியால் தள்ளிவிடுவதை நான் பார்த்தேன். தோஜிதீன் மலைநாட்டார். ஐம்பதுகளில், பருத்தி பயிரிட ஆள் வேண்டுமென்று அரசாங்கம் கிராமம் கிராமமாக லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கிய குடும்பம். நாற்பது ஆண்டு இங்கே இருந்தும் அவர் இந்த ஊர்க்காரர் ஆகவில்லை. அஸ்ரோர் இருபத்தெட்டு வயதில் ஓர் ஆயுதக் குழுவுக்குத் தலைவனாகியிருந்தான். மலைநாட்டு ஆண்களை வீடு வீடாகத் தேடி எடுத்துக்கொண்டிருந்தது அவன் குழு.

செப்டம்பரில் பள்ளி திறந்தது. என் வகுப்பில் முப்பத்து நான்கு பேருக்குப் பத்தொன்பது பேர் வந்தார்கள். பெரிய வகுப்புகள் பருத்தி பறிக்கவும் போகவில்லை. வயலில் ஆளிருந்தால் சுட்டார்கள். பதினைந்தாம் தேதி மோஹ்ஷரிஃப் வழக்கம்போல் வகுப்பறை வாசலில் வந்து நின்றார்.

"தெருவுல பொணம் கெடக்குது. நீங்க நாடகத்துக்குக் கூப்பிட வந்திருக்கீங்க" என்றேன்.

"அதான் வந்திருக்கேன். பொணத்த மட்டும் பார்த்துட்டு இதுங்க வளரணுமா?"

"தோஜிதீன் வெளிய தல காட்டலாமா?"

"முகத்துல அரை வீசை கறுப்பு மை. அவன் பெத்த தாயே அடையாளம் கண்டுபிடிக்க மாட்டா. நாலு நாளா சத்தம் இல்ல முஅல்லிம். ஒரு காட்சி. போட்டுட்டு மூடிடறோம்."

நான் ஒப்புக்கொண்டேன். அந்தப் பொறுப்பில் பாதி என்னுடையது.

செப்டம்பர் 17, வியாழக்கிழமை, காலை பத்து மணி. என் வகுப்பும் பக்கத்து வகுப்புமாக முப்பத்தொரு பிள்ளைகள், இருவர் இருவராகக் கைகோத்து நடந்து வந்தார்கள். உடைப் பொறுப்பாளர் ஹைரிநிசோ வாசலில் ஆளுக்கொரு சம்பூசா கொடுத்தார். மாவு கிடைக்காத காலம். அவர் வீட்டில் மிச்சமிருந்த மாவு அது.

"அக்கா, எண்ணிக் குடுக்கிறேன். உங்க முஅல்லிமுக்கு இல்ல. அவரு நாடகம் பார்க்க வர்றதில்ல, தூங்க வர்றாரு" என்று மோஹ்ஷரிஃபிடம் சொல்லி, எனக்கும் ஒன்று கொடுத்தார்.

மேடைக்கு இடது பக்கம் இஸ்திரி அறை. அங்கே ஹைரிநிசோவும் அவருடைய பெரிய உடைப்பெட்டியும். வலது பக்கம், கிணற்றுக்குப் பின்னால், திரைக் கயிறுகளைக் கட்டும் அறை. அதற்கு முற்றத்துக்குப் போகும் கதவு ஒன்று உண்டு. பின்னால் நடந்தது புரிய இந்த இரண்டு அறைகளும் நினைவில் இருக்க வேண்டும்.

இளவரசன் கிணற்றில் ஒளிந்தான். அரக்கன் கேட்டான். மோஹ்ஷரிஃபின் இடது கை எழுந்தது. முப்பத்தொரு கைகள் இடது பக்கம் நீண்டன. தோஜிதீன் கறுப்பு வாலை இழுத்துக்கொண்டு இடது பக்கம் ஓடி மறைந்தார். அந்நேரம் வெளியே வண்டி வந்து நின்றது. வாசல் பூட்டைச் சுட்டார்கள்.

உள்ளே நடந்ததைத் தோஜிதீன் பிறகு என்னிடம் சொன்னார். ஹைரிநிசோ அவரை உடைப்பெட்டிக்குள் மடக்கித் தள்ளி, மேலே பட்டு அங்கிகளைக் கொட்டி மூடினார். "மூச்சு விடாதீங்க. தும்மல் வந்தா மூக்கப் பிச்சுக்குங்க" என்றாராம். பிறகு பின்திரையின் மறைவில் வலது பக்கம் ஓடினார். பெட்டி மூடியதையும், வெளியே தொங்கிய வால் நுனி உள்ளே இழுக்கப்பட்டதையும் மோஹ்ஷரிஃப் தாம் நின்ற இடத்திலிருந்து பார்த்துவிட்டார். ஹைரிநிசோ முற்றத்துக் கதவு வழியாக வீட்டுக்கு ஓடிவிட்டார் என்றே அவர் நினைத்தார். ஹைரிநிசோ ஓடவில்லை. அந்தக் கதவு வழியாக யாரும் வந்துவிடக் கூடாதென்று அதைத் தாழிட்டு, மேடைப் பக்கக் கதவையும் தாழிட்டு, கயிற்றறைக்குள் நின்றுகொண்டார்.

அஸ்ரோரும் ஐந்து பேரும் நடுவழியே இறங்கி வந்தார்கள். ஒருவன் என் பின்கழுத்தில் துப்பாக்கியை வைத்தான். ஒருவன் மேல் விளக்குகளைச் சுட்டான். கண்ணாடித் தூள் பிள்ளைகளின் தலையில் கொட்டியது. கிணற்றிலிருந்து இளவரசனாக நடித்தவரை முடியைப் பிடித்து இழுத்து, அப்பன் பிறந்த ஊரைக் கேட்டார்கள். அவர் சரியான ஊரைத்தான் சொன்னார். இருந்தாலும் துப்பாக்கிக் கட்டையால் வாயில் ஓர் இடி. பற்கள் மேடைப் பலகையில் தெறித்து உருண்டன. முன்வரிசையில் ஒரு சிறுமி சிரித்தாள். அவள் பார்த்துக்கொண்டிருந்தது நாடகம்.

"தோஜிதீன் எங்க?" என்று அஸ்ரோர் கேட்டான்.

அவன் மேடை விளிம்புக்கு வந்து பிள்ளைகளைப் பார்த்தான். அவன் முகம் மாறியதை நான் கண்டேன். இடுப்பில் கைவைத்து, அடிவயிற்றிலிருந்து குரலெடுத்து, பத்தொன்பது ஆண்டு முன் அந்த முன்வரிசையில் உட்கார்ந்து கேட்ட அதே உறுமலோடு கேட்டான்:

"எங்கே போனான்?"

பிள்ளைகள் அவனைப் பார்க்கவில்லை. மோஹ்ஷரிஃபின் கையைப் பார்த்தார்கள்.

அரக்கன் இடது பக்கம் ஓடியதை முப்பத்தொரு பேரும் பார்த்திருந்தார்கள். கையைத் தொங்கவிட்டால் ஏதோ ஒரு பிள்ளை அழுதுகொண்டே உண்மையைச் சொல்லிவிடும். அழுகையில் வரும் உண்மையை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். மூன்று மூச்சு நேரம் அவர் அசையவில்லை. பிறகு, நாடகத்தில் செய்வதைவிட உயரமாக, தோளுக்கு மேலே தூக்கி இடது கையை இடது பக்கமே நீட்டினார்.

"அந்தப் பக்கம்" என்று அரங்கே அதிர முப்பத்தொரு குரல்கள்.

அஸ்ரோர் வாய்விட்டுச் சிரித்தான். "முஅல்லிமா, முஅல்லிமா. யார்கிட்ட? இந்த ஊர்ல எல்லாப் பிள்ளையும் இடதுன்னுதான் காட்டும். நானே எத்தனை தடவ காட்டியிருக்கேன்."

ஆட்களைக் கூட்டிக்கொண்டு வலது பக்கம் போனான். கயிற்றறைக் கதவைத் தள்ளினான், உள்தாழ் தடுத்தது. தாழிட்ட கதவுக்குப் பின்னால் ஆள் இருப்பது உறுதியென்று, திறக்கச் சொல்லாமலே மூவர் சுட்டார்கள். பின்னர் நான் எண்ணினேன்: பதினேழு துளைகள். கதவை உதைத்துப் பெயர்த்தபோது ஹைரிநிசோ கயிறுகளின்மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தொண்டையில் ஒன்று, மார்பில் மூன்று. கையில் இஸ்திரி போடும் ஈரத்துணி இருந்தது. அவர் மலைநாட்டார் அல்லர். அஸ்ரோரின் தாய் பிறந்த கிராமம்தான் அவருடையதும்.

அஸ்ரோர் வெளியே வந்தபோது அவன் முகத்தில் சிரிப்பில்லை. இடது பக்கம் யாரும் போய்ப் பார்க்கவுமில்லை. அவனுடைய ஆட்களில் ஒருவன் மட்டும் சுவரில் மாட்டியிருந்த மரத் துப்பாக்கிகளை நிஜமென்று நினைத்து இரண்டை எடுத்துக்கொண்டு போனான்.

மோஹ்ஷரிஃப் பிள்ளைகளை இருவர் இருவராக எழுப்பினார். "கைய விடக் கூடாது. எல்லாரும் என் முதுகப் பாருங்க. வேற எங்கயும் பார்க்கக் கூடாது."

"முஅல்லிமா, அரக்கன் ஜெயிச்சிட்டானா?" என்று ஒருவன் கேட்டான்.

"வரிசைய விடாதே" என்றார்.

அன்று மாலையே தோஜிதீனைப் பஞ்சு மூட்டைகளுக்கு அடியில் படுக்கவைத்து வடக்கே அனுப்பினோம். ஹைரிநிசோவின் உடலைக் கழுவிய பெண்களில் மோஹ்ஷரிஃபும் ஒருவர். ஒற்றைக் கையால் கழுவினார்.

மூன்றாம் நாள் துக்க வீட்டுக்கு அஸ்ரோர் ஓர் ஆட்டை இழுத்துக்கொண்டு வந்தான். உறவுமுறைக் கடமை. துக்கத்துக்குரிய நீல உடையில் பெண்களோடு உட்கார்ந்திருந்த மோஹ்ஷரிஃப் எழுந்து போய், அவனுடைய ஆட்களின் முன்னிலையில் அவன் கன்னத்தில் அறைந்தார். நான் ஆண்கள் பக்கத்திலிருந்து பார்த்தேன். அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நீங்கதானே காட்டினீங்க முஅல்லிமா."

"நான் இடதுன்னு காட்டினேன். நீ ஏண்டா வலது போனே?"

"அவன் அங்கதான் இருந்தானா?"

"உண்மையத்தான் சொன்னேன். முப்பத்தொரு பிள்ளையும் உண்மையத்தான் சொல்லிச்சு."

"பொய்யின்னு எனக்குச் சொல்லிக்குடுத்தது யாரு?" என்று கேட்டுவிட்டு, துப்பாக்கிக் கட்டையால் அவர் முகத்தில் இடித்தான். கீழே விழுந்தவரை இன்னொரு முறை இடித்தான். மூன்றாவது இடிக்கு ஓங்கியபோது ஹைரிநிசோவின் மாமியார் குறுக்கே வந்து நின்றார். அவன் ஆட்டை விட்டுவிட்டுப் போனான். இரண்டு ஆண்டு கழித்து எல்லையோரத்தில் அவன் சுடப்பட்டுக் கிடந்ததாகக் கேள்விப்பட்டேன், பார்க்கவில்லை.

மோஹ்ஷரிஃபுக்கு முன்பற்கள் நான்கு போயின. பேசினால் சீட்டியடிக்கும். ஹைரிநிசோவைப் பற்றி அவர் என்னிடம் பேசியது ஒரே முறை. "கைய நீட்டுறதுக்கு முன்னாடி எனக்கு மூணு மூச்சு இருந்துது. தோஜி அண்ணன மட்டும்தான் நினைச்சேன். இந்தக் கைய வெட்டினவன் சாகக் கூடாதுன்னு நினைச்சேன். அந்தப் பக்கம் யாராவது இருப்பாங்களான்னு நினைக்கல. நினைச்சிருக்கணும்." ஆறுதலாக நான் எதுவோ தொடங்கினேன். "வேணாம் முஅல்லிம்" என்று நிறுத்திவிட்டார்.

சமாதான உடன்படிக்கைக்கு அடுத்த ஆண்டு, 1998இல், அரங்கு திறந்தது. கயிற்றறைக் கதவை மாற்றச் சொன்னார்கள், அவர் மாற்றவிடவில்லை. மலைநாட்டு நடனத்தை நிகழ்ச்சியிலிருந்து எடுத்துவிட்டால் நல்லது என்று கல்வி அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து சொன்னார். மோஹ்ஷரிஃப் அந்த மனிதரின் மூக்குக்கு நேரே மணிக்கட்டை மலைநாட்டு முறையில் மடக்கிக் காட்டி, "இத எந்தப் பக்கம் அனுப்பச் சொல்றீங்க?" என்றார். நடனம் இருந்தது.

தோஜிதீன் அறுபத்திரண்டு வயதில் திரும்பி வந்து, அரக்கனாக ஒரே ஒரு பருவம் நடித்தார். முதல் காட்சியில், "எங்கே போனான்?" என்று கேட்டுவிட்டுப் பழக்கத்தால் இடது பக்கம் ஓடக் கால் எடுத்தவர் நின்றுவிட்டார். மோஹ்ஷரிஃபின் கை நேரே மேலே நின்றது. பிள்ளைகளின் கைகள் அனைத்தும் கூரையைக் காட்டின. அவருக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. சற்று நேரம் கூரையையே பார்த்தார். பிறகு அரக்கன் குரலிலேயே, "இந்த உடம்ப வச்சுக்கிட்டு நான் எப்படி ஏறுறது?" என்றார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"ஏணி சாத்தி வச்சிருக்கேன் அண்ணே" என்று மோஹ்ஷரிஃப் கீழிருந்து சீட்டியடித்துச் சொன்னார்.

கூரையில் ஓடும் பலகைப் பாதைக்கு ஏறும் வழியை ஒவ்வொரு காட்சிக்கு முன்பும் அவரே பூட்டுவார். அதற்கு முன், வயதில் வலிகண்ட முழங்காலோடு ஏணியில் ஏறி, மேலே யாரும் இல்லை என்று தம் கண்ணால் பார்ப்பார். யாரையும் தமக்காகப் பார்த்துவரச் சொல்லமாட்டார். பத்து ஆண்டுகள் இப்படி.

அவர் கடைசியாக ஏணி ஏறிப் பார்த்து, பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, நாற்பத்தொரு பிள்ளைகளுக்கு முன்னால் நின்று இடது கையை மேலே தூக்கியது 2008 நவம்பர் 6, வியாழக்கிழமை.